புதன்கிழமை மகள்

உலகம்மாளுக்கு மகள் வந்து ஏழு புதன்கிழமை ஆகிவிட்டது. கதவுதட்டி அறக்கட்டளை கொடுத்த மகள். காலை பத்து மணிக்கு வருவாள். பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எம்மா" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அந்தச் சத்தம் உலகம்மாள் காதில் விழுவதற்கு முன்னால் அடுத்த வீட்டுச் செண்பகவடிவின் வயிற்றில் போய் விழும்.

அந்த ஊரில் இதெல்லாம் அதிசயம் இல்லை. நகராட்சி தன் வேலைகளை ஒவ்வொன்றாக அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசியில் தன்னையும் ஒப்படைத்துவிட்டது. மேலத்தெருவுக்குக் காற்று கொண்டுவருவது ஒரு மகளிர் மன்றம். தூக்கம் வராதவர்களுக்கு ஒரு நற்பணி மன்றத்தார் சைக்கிளில் வந்து மத்தியானத் தூக்கம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாவற்றிலும் கொடுத்தவர் பேர் இருக்கும். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதியிருக்குமே, அதே மாதிரி. மேலத்தெருக் காற்றில் வேட்டி காயப்போட்டால் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பேர் அதில் லேசாகப் பதிந்துவிடும். யாரும் குறை சொன்னதில்லை.

உலகம்மாளின் மகளுக்கு இடது முழங்கைக்குக் கீழே நீலப் பெயின்டில் 'உபயம்: சங்கரபாண்டியன் குடும்பத்தார்' என்று எழுதியிருந்தது. அவள் கையை நீட்டும்போதெல்லாம் உலகம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

செண்பகவடிவு இதையெல்லாம் துவைக்கிற கல்லில் ஏறி நின்று மதிலுக்கு மேலே பார்த்தாள். துவைக்க ஒன்றும் இல்லாத புதன்கிழமைகளிலும் ஏறி நின்றாள். பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனால் பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் இன்னும் யாரும் வைக்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். உலகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. செண்பகவடிவுக்குக் கோமதிநாயகம் என்று ஒரு மகன் இருந்தான். முப்பது வருஷமாக அவள் உலகம்மாளைவிட ஒரு படி மேலே நின்றது அந்த ஒரு மகன் மேல்தான். அவன் வெளியூர் போய் ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தீபாவளிக்குப் போன் செய்வான். நல்லாயிருக்கியா என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் வைத்துவிடுவான். இருந்தாலும் மகன் மகன்தானே என்று அவள் தலை நிமிர்ந்தே நடந்தாள். இப்போது உலகம்மாள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அம்மாவாகிவிட்டாள்.

ஒருநாள் உலகம்மாள் மதிலுக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். எம்மவ சுட்ட முந்திரிக்கொத்து, தின்னு பாரு என்றாள். செண்பகவடிவு தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அலுவலகம் ஒற்றை மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஏறியதும் ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் பெஞ்சு. யாராவது உட்கார்ந்தால் ஓர் ஆள் அகலத்துக்கு நடைபாதை நீண்டுவிடும். அதனால் அவள் உட்காராமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். அவள் மேசையைப் போய்ச் சேர்ந்தபோது தலையில் வைத்திருந்த பூ வாடியிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜெயசீலி என்ற பெண் இருந்தாள். அவள் நிமிரவில்லை.

"என்ன வேணும்?"

"மக."

"உங்களுக்கு யாரும் இல்லையா?"

"மவன் ஒருத்தன் இருக்கான். ஆனா வாரதில்ல."

"வாரதும் வராததும் வேற சங்கத்துக்காரங்க பாக்காங்க. இங்க இருக்கானா இல்லையான்னு மட்டுந்தான் பாப்போம்."

மகன் இல்லை என்று சான்று வேண்டுமாம். அந்தச் சான்றில் இல்லாத மகனே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வேறு யார் போட்டாலும் செல்லாது என்று ஜெயசீலி விளக்கமாகச் சொன்னாள். செண்பகவடிவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆறு வருஷத்தில் அவள் மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள், மூட்டுவலி என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள், வீட்டில் பாம்பு வந்தது என்று பொய்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது, நீ எனக்கு மகன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வா என்றாள். அவள் போனை வைப்பதற்குள் கோமதிநாயகம் வாசலில் நின்றான். கையில் பையோடு நின்றான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது.

அவள் சொதி வைத்தாள், இஞ்சித் துவையல் அரைத்தாள். அவன் இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என அவளுக்கு ஒரு நப்பாசை. சொன்னால் முந்திரிக்கொத்து வந்த கிண்ணத்தை உலகம்மாள் வீட்டுக்குள் வீசி எறிந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவன் கை கழுவிவிட்டு, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டான்.

அன்றைக்கு நடைபாதை நான்கே எட்டில் முடிந்துவிட்டது. அவன் பேனாவைக்கூட இரவல் கேட்கவில்லை. கொண்டுவந்திருந்தான். போட்டான்.

அடுத்து அவள் போட வேண்டும். படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிக்கவில்லை. உலகம்மாள் சின்னக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டதாக முன்பே சொல்லியிருந்தாள். அவளுக்குச் சின்னது என்றால் எனக்குப் பெரியது என்று செண்பகவடிவு பெரிய கட்டத்தில் நிறைத்துப் போட்டாள்.

ஜெயசீலி அப்போதுதான் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து நின்று கும்பிட்டாள்.

"ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு."

அவனைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். சட்டைக் கையை மடக்கச் சொல்வது கேட்டது. நீங்கள் போங்கள், புதன்கிழமை அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

புதன்கிழமை அவள் வீட்டை மெழுகித் துடைத்தாள். சீப்பு, எண்ணெய், இரண்டு முழம் பிச்சிப்பூ எல்லாம் எடுத்துவைத்தாள். பத்து மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. "எம்மா" என்று குரல் கேட்டது. ஆண் குரல். அது உலகம்மாள் வாசலில் கேட்டது.

அவள் கல்லில் ஏறினாள். உலகம்மாளின் மகள் முந்தின வாரத்தோடு வேறு தெருவுக்கு மாறிப்போயிருந்தாள். அவள் உட்காரும் இடத்தில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தான். உலகம்மாள் அவன் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். முடி கொட்டின இடத்தில் கொஞ்சம் கூடுதலாக வைத்தாள். அவன் கண்ணை மூடித் தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். இடது முழங்கைக்குக் கீழே நீலப் பெயின்டில் 'உபயம்: செண்பகவடிவு' என்று எழுதியிருந்தது. எழுத்து திருத்தமாக இருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். மதிலைப் பார்த்தான்.

"வாங்க அத்தை. சௌக்கியமா?"

செண்பகவடிவு கல்லைவிட்டு இறங்கினாள். வயிறு பற்றி எரிந்தது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவன் போன பிறகு உலகம்மாள் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பெத்த பிள்ளைய யாராவது குடுப்பாளா வடிவு? இனிமே ஒம் பேரத்தான் தெனமும் கும்பிடுவேன்."

தெரியாமல் போட்ட கையெழுத்து என்று சொல்ல வாய் வரை வந்தது. உலகம்மாளிடம் போய் அதைச் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை. பரவாயில்லை, வச்சுக்கோ என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு நேரே அலுவலகத்துக்கு ஓடினாள்.

பெரிய கட்டம் கொடுக்கிறவர்களுக்கு, கொடுத்ததைத் திருப்புகிற வழக்கம் இல்லை என்றாள் ஜெயசீலி. அப்படியானால் எனக்கே அவனைக் கொடுங்கள், வாங்குகிறவளாக எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் செண்பகவடிவு. நீங்கள் கொடுக்கிறவர், கொடுக்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது என்று ஜெயசீலி உண்மையிலேயே வருத்தப்பட்டாள். சுவரில் பெரிய எழுத்தில் செண்பகவடிவின் பேர் ஏறியிருந்தது. சங்கரபாண்டியன் குடும்பத்தார் அதற்குக் கீழேதான்.

"போட்டோவுக்கு மட்டும் புதன்கிழமை வந்திருங்க. குடுக்கிறவங்க, வாங்குறவங்க, பொருள், மூணும் இருக்கணும்."

உலகம்மாள் வீட்டு வாசலில் பேனர் கட்டினார்கள். செண்பகவடிவு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். கோமதிநாயகத்தை நடுவில் நிறுத்தினார்கள். தையல் மெஷினோ அரிசிப் பையோ, எதைக் கொடுத்தாலும் இந்த ஊரில் இதுதான் முறை. கொடுக்கிறவர் ஒரு கை பிடிக்க வேண்டும், வாங்குகிறவர் ஒரு கை பிடிக்க வேண்டும், ஒருத்தரும் பொருளைப் பார்க்கக் கூடாது. போட்டோ எடுத்ததும் கொடுக்கிறவர் கையை எடுத்துவிட வேண்டும்.

செண்பகவடிவு மகனின் இடது கையைப் பிடித்தாள். ஒரு வாரம் ஆகியும் பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. கை சூடாக இருந்தது. சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த தழும்பு அதே இடத்தில் இருந்தது. போட்டோக்காரர் எடுத்தார். முடிந்தது, கையை விடுங்கள் என்றார்.

"தம்பி, நான் கண்ண மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்க."

அவர் இன்னொன்று எடுத்தார். அதிலும் மூடிவிட்டாள். கொடுக்கிறவர் கண் திறந்திருந்தால்தான் போட்டோ செல்லும். மூன்றாவது எடுத்தார், நான்காவது எடுத்தார். பதினொன்றரை ஆகிவிட்டது.

"எம்மா, கை வலிக்கி" என்றான் கோமதிநாயகம்.

"என்னய்யா" என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

அவன் நேரே கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றான். போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். செண்பகவடிவு பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணை நன்றாக மூடினாள்.