ஒரு பிற்பகலும் பதினெட்டு பிஸ்கட்டும்

அந்தப் பொட்டலத்துக்குள் பதினெட்டு பிஸ்கட்டும் ஒரு பிற்பகலும் இருந்தன. உறையின் மேல் இருபது பிஸ்கட் என்று அச்சிட்டிருந்தார்கள். பிற்பகலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வாங்கியவள் மூன்றாம் மாடித் தையல்காரி. தெருவில் அவளுக்குப் புகாரக்கா என்று பெயர். எரியாத விளக்கு, நிற்காத பஸ், நாலு சுற்றிலேயே அறுந்துபோகிற நூல்கண்டு என்று அவள் புகார் எழுதாத விஷயம் கிடையாது. அதுவரை இருநூற்றுப் பதின்மூன்று புகார் எழுதியிருந்தாள். ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை, அதற்காக அவள் ஓய்ந்ததும் இல்லை. ஆகவே பொட்டலத்திலிருந்து வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தபோதே அவள் பிஸ்கட்டை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதை முதலில் பதிவு செய்துவிட வேண்டும்.

அவள் காலை ஆறு மணிக்குச் சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போய் இரண்டு மணிக்கு வேலை விட்டு வீடு திரும்புவாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். இரண்டேகாலுக்கு இறங்கிப் போனானென்றால் அவள் தூங்கிய பிறகுதான் வருவான். வார விடுமுறையும் அவளுக்கு ஒரு நாள், அவனுக்கு வேறு நாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் குடித்தனம் பெரும்பாலும் மாடிப்படியில்தான் நடந்தது, ஏறுகிறவளும் இறங்குகிறவனுமாக. "கேஸ் சிலிண்டர் சொல்லியாச்சா?" "சொல்லியாச்சு. உங்கம்மா போன் பண்ணாங்க." "என்னவாம்?" இதற்குப் பதில் மறுநாள்தான் கிடைக்கும். மீதி வாழ்க்கை பிரிட்ஜ் கதவில் சீட்டுச்சீட்டாக ஒட்டியிருந்தது. அவள் தம்பி கல்யாணத்துக்கு அவன் வராமல் போனதைப் பற்றிய சண்டை, முடிக்க நேரமில்லாமல் ஆறு வருஷமாகப் பாதியில் கிடந்தது. பாவம், இருவருக்கும் அதில் சொல்ல நிறைய இருந்தது.

பொட்டலம் பிரிந்த அன்று செவ்வாய்க்கிழமை, வெளியே மழை மூட்டம், மணி இரண்டு பத்து. அவன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். "வெறும் வயித்தோட போகாதீங்க, ரெண்டு வாயில போட்டுக்கங்க" என்று அவள் உறையைக் கிழித்தாள். மஞ்சள் வெயில் தரையில் விழுந்து, தையல் மிஷினில் ஏறி, சுவர் முழுக்கப் பரவியது. கொடியிலிருந்து அப்போதுதான் எடுத்த துணியின் சூடு அதில் இருந்தது. எங்கோ ஒரு அணில் கத்தியது. "ஐயையோ, டூட்டி!" என்று அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பத்து. டீ போட்டுக் குடித்துவிட்டுப் பார்த்தான். இரண்டு பத்து. அதற்கப்புறம் அவன் பார்க்கவேயில்லை. மிஷினுக்கு எண்ணெய் போட்டான். அவள் அவன் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தாள். கொஞ்சம் கண்ணசந்தார்கள். ஆறு வருஷச் சண்டையை விட்ட வரியிலிருந்து எடுத்து, தொண்டை கிழியப் போட்டு, தப்பு தன்மேல்தான் என்று அவன் ஒத்துக்கொள்ள, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடேயப்பா, ஒன்பது வருஷத்துச் சிரிப்பு! பிறகு அவள் உறையின் வாயை மடித்துத் துணிக் கிளிப்பை மாட்டினாள். வெயில் சட்டென்று உள்ளே போனது. கடிகாரம் இரண்டு பதினொன்றுக்கு நகர்ந்தது. அன்று பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

இத்தனைக்கும் பிறகு அன்று சாயங்காலமே அவள் உட்கார்ந்து பிஸ்கட் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். கைப்பழக்கம், வேறென்ன சொல்ல? கம்பெனியின் புகார்ப் படிவத்தில், உணவில் கிடந்த பொருள் எது என்ற கேள்விக்கு முடி, கம்பி, கல், பூச்சி, மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. அவள் கடைசிக் கட்டத்தில் குறியிட்டு, 'பிற்பகல், முழுசு, உபயோகத்தில் உள்ளது' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'பிஸ்கட் இரண்டு குறைவு' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தாள். உறையிலிருந்த தயாரிப்பு எண்ணையும் தேதியையும் பிசகாமல் பார்த்து எழுதித் தபாலில் போட்டுவிட்டு அதை மறந்தே போனாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அந்த வீட்டில் நடந்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தினமும் இரண்டு பத்துக்குக் கிளிப்பை எடுப்பார்கள், மூன்று மணி நேரம் போல இருந்துவிட்டு மாட்டுவார்கள். பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு மிச்சமில்லை. அடைமழைக் காலத்தில் இருவருக்கும் முகம் கறுத்ததைப் பார்த்துக் கீழ்வீட்டம்மா, "எந்த ஊருக்குப் போயிட்டு வந்தீங்க, எங்களுக்கெல்லாம் சொல்லாம?" என்று கேட்டாள். ஒரே ஒரு கவலைதான். பிற்பகல் குறைந்துகொண்டு வந்தது. மிஷினின் நிழல் ஒவ்வொரு நாளும் சுவரில் ஒரு நூல் அளவு நீண்டது. தையல்காரி நிழலின் நுனியில் தினமும் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தாள். இருபத்தொன்பது கோடு ஆனபோது கடிதம் வந்தது.

இருநூற்றுப் பதினாலு புகாரில் பதில் வந்த ஒரே புகார் அதுதான். வந்து தொலைந்ததே! கம்பெனி வருந்துகிறது, மீதியை உபயோகிக்க வேண்டாம், வியாழக்கிழமை தர அதிகாரி நேரில் வந்து மாதிரியை எடுத்துக்கொள்வார் என்று இருந்தது. டிரைவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "ஊர்ல யாராவது கெடைச்ச புதையலைப் புகார் பண்ணுவாங்களா? உனக்குக் கை சும்மா இருக்காதா?" என்றான். அவளுக்கு அழுகை முட்டியது. தொலைந்துபோய்விட்டது என்று சொல்லலாமா, வேறு உறையில் டார்ச் லைட்டைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தார்கள். திரும்பவும் மாடிப்படிக் குடித்தனத்துக்குப் போக இருவருக்குமே தெம்பில்லை.

வியாழக்கிழமைக்கு டிரைவர் லீவு எழுதிக் கொடுத்தான். அவளும் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே அதிகாரி வந்தார். வழுக்கைத் தலை, கையில் தராசு, இடுக்கி, வெப்பமானி. அவருக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வாசலிலேயே நின்றாள். விரல்கள் காற்றில் எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தன. ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் அகலத்துக்கு. தொழிற்சாலையில் அவளை நாலாம் லைன் அக்கா என்பார்கள் என்று அதிகாரி சொன்னார். தயாரிப்பு எண்ணை வைத்துத் தேடியதில் அந்தப் பொட்டலத்தை அடைத்தது அவள்தான் என்று தெரிந்திருந்தது. இயந்திரம் எடையைத்தான் பார்க்கும், எண்ணிக்கையைப் பார்க்காது. பிற்பகலின் எடை இரண்டு பிஸ்கட், அதனால்தான் அது மாட்டாமல் வெளியே வந்துவிட்டது என்றும் விளக்கினார்.

நடந்தது இதுதான். நாலாம் லைன் அக்கா பதினேழு வருஷமாகத் தன் பத்து நிமிட இடைவேளையை எடுத்ததே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த வாரம் சூப்பர்வைசர் விளையாட்டாக, "இப்ப எடுக்காட்டி என்ன, சேத்து வச்சு மொத்தமா எடுத்துக்க" என்று சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். அவளுக்கு ஒரே மகள். அக்கா மத்தியானம் ஷிப்டுக்குப் போகும்போது மகள் பள்ளியில் இருப்பாள், திரும்பும்போது தூங்கியிருப்பாள். பெரியவளாகி அவளும் வேலைக்குப் போனாள், அதுவும் காலை ஷிப்டு. அதனால் அக்கா பத்துப் பத்து நிமிடமாக ஏப்ரன் பையில் சேர்த்துக்கொண்டே வந்தாள். பை லேசாக மினுங்குவதைப் பார்த்தவர்கள் போன் என்று நினைத்தார்கள். இப்போது மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்துவிட்டது. அக்கா போய் மொத்த இடைவேளையையும் கேட்டாள். சூப்பர்வைசர் லைன் முழுவதையும் கூப்பிட்டுச் சிரித்தான். அவள் திரும்பி வந்து நின்று, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்தது நழுவி, ஓடிக்கொண்டிருந்த பொட்டலத்தில் விழுந்துவிட்டது. எந்தப் பொட்டலம் என்று யாரைப் போய்க் கேட்பது?

"சனிக்கிழமை பிளைட்டு. அதுக்குள்ள அவகூட ஒரு மத்தியானம் உக்காரணும்மா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் அக்கா.

தையல்காரி சுவரிலிருந்த சாக்கட்டிக் கோடுகளைக் காட்டி, "நாங்க கொஞ்சம் செலவு பண்ணிட்டோம்க்கா" என்றாள். அவமானத்தில் காது சிவந்துவிட்டது. அக்கா கிட்டே போய்க் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். டிரைவர்தான் பதில் சொன்னான். "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா."

அதிகாரி தொண்டையைச் செருமினார். யாருக்கும் கொடுப்பதற்கில்லை, புகார் வந்த மாதிரியைச் சோதித்துவிட்டு எரித்துவிட வேண்டும், அதுதான் விதி, சூப்பர்வைசரையும் அக்காவையும் விசாரிக்கவும் வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இடுக்கியை வெளியே எடுத்துவிட்டார். அப்போது புகாரக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிலையை நேரில் பார்த்த கீழ்வீட்டம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

"சார், புகாரே இல்லைன்னா?"

"புகார் இல்லைன்னா மாதிரியும் இல்லை மேடம். வாங்கினவங்க பொருள், வாங்கினவங்க இஷ்டம்."

"அப்போ வாபஸ்! எழுதிக்கங்க!"

பிறந்ததிலிருந்து ஒரு புகாரையும் வாபஸ் வாங்காதவள்! அதிகாரி நீட்டிய தாளில், தாள் கிழிகிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடப் போனவள் நிறுத்தி, "ரெண்டு பிஸ்கட் குறைஞ்சது மட்டும் அப்படியே நிக்கட்டும். அதை விட முடியாது" என்றாள். பிறகு பொட்டலத்தை எடுத்து, கிளிப் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, அக்காவின் வளைந்த விரல்களுக்குள் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அளவு குறித்துக்கொள்ள ஒரு சாக்கட்டியும் கொடுத்தாள். அவர்கள் போனபின் புருஷனும் பெண்சாதியும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவளைத் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் முழுக்க மழை கொட்டியது. நாலாம் லைன் அக்காவின் வீட்டு ஜன்னலில் மட்டும் காலை பத்து மணிக்குச் சாயங்கால வெயில் அடித்தது. மிச்சமிருந்தது எழுநூற்று அறுபது மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட முப்பத்திரண்டு நாள், அத்தனையும் பத்து மணிக்கும் பத்து மணி ஒரு நிமிடத்துக்கும் நடுவில். அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே வந்த மகளுக்குத் தலைமுடி ஒரு விரல் வளர்ந்திருந்தது. கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை விமானம் சரியான நேரத்துக்குப் போனது.

தையல்காரி வீட்டில் மறுபடியும் பிரிட்ஜ் கதவில் சீட்டுகள் முளைத்தன. இரண்டு பிஸ்கட்டுக்கு ஈடாகக் கம்பெனி ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பியது. ஆசையோடு ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார்கள். எல்லாவற்றிலும் இருபது இருந்தது, வேறொன்றும் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து, ஷிப்டு விட்டு வந்த நாலாம் லைன் அக்கா டிரைவரின் பஸ் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அதன்மேல் சாக்கட்டியால் ஒரு கோடு. இப்போதெல்லாம் அவள் இடைவேளையைத் தவறாமல் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மகளுடன் போனில் பேசுகிறாள். புதன்கிழமை மட்டும் எடுப்பதில்லை, அது டிரைவருக்குப் போகிற பொட்டலத்துக்கு. லைனில் மற்றவர்களும் தங்களுக்குப் பிடித்தவர்களுக்காக அப்படிச் செய்ய ஆரம்பித்தார்கள். கம்பெனி தடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் உறையின் பின்பக்கம், கோதுமைக்கும் சர்க்கரைக்கும் கீழே, 'பிற்பகலின் துகள்கள் கலந்திருக்கலாம்' என்று அச்சடித்தது. ஜனங்கள் அதைப் படித்துவிட்டு வழக்கம்போல வாங்கிப் போகிறார்கள்.

வியாழக்கிழமைதோறும் இரண்டு பத்துக்குத் தையல்காரி ஏறி வருவாள், டிரைவர் இறங்கி வருவான். நாலாவது படியில் இருவரும் உட்கார்ந்து உறையைக் கிழிப்பார்கள். பத்து நிமிட வெயில் மாடிப்படியில் விழும். அவள் பிஸ்கட்டை எண்ணிப் பார்ப்பாள். பத்தொன்பதுதான் இருக்கும். அதைப் பற்றி அவள் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.