பூஜையில் இருந்த அரம்

வெள்ளிக்கிழமைதோறும் எல்லா வண்டிகளையும் ஒரு முறை கிளப்ப வேண்டும். அது வெள்ளையம்மாளின் உத்தரவு.

விழுப்புரத்திலிருந்து காணையைத் தாண்டிக் கெடார் போகிற ரோட்டில், ஏரிக்கரைத் திருப்பத்தை ஒட்டி அவள் வீடு. பக்கத்தில் நீளமான தகர ஷெட். அவள் புருஷன் தாண்டவராயன் வாங்கிச் சேர்த்ததெல்லாம் அதில் நின்றது. வெள்ளைக்காரன் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன துரை வண்டி. புதுச்சேரி ஏலத்தில் எடுத்த பச்சை வண்டி. மண்ணெண்ணெயில் ஓடும் டிராக்டர். மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுக்கும் மிஷின். கிணற்றடியில் தனியாக ஓர் ஆயில் இன்ஜின். எல்லாமே வயதானவை. ஒன்று ஓடினால் ஒன்று படுக்கும். ஷெட்டின் கோடியில் தார்ப்பாய்க்கு அடியில் கறுப்பு வண்டி. அதை மட்டும் யாரும் கிளப்புவதில்லை.

மெக்கானிக் விருத்தாசலம் ஒவ்வொன்றாக ஹேண்டில் போட்டுச் சுற்றுவான். வெள்ளையம்மாள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். கண்ணில் புரை விழுந்து வெகுநாளாகிறது. காது மட்டும் கூர்மை.

"துரை வண்டி இருமுது" என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை.

"கார்பரேட்டர் தேஞ்சிபோச்சிங்கம்மா. மெட்ராஸ்ல கேட்டுப் பாத்தாச்சி. சீமைச் சாமான் இனிமே வராதாம்."

"கறுப்பு வண்டியில இருக்கிறது சேருமா?"

அவன் ஷெட்டின் கோடியைத் திரும்பிப் பார்த்தான்.

"சேருமா சேராதா?"

"சேருங்க."

"அப்போ எடுத்துப் போடு. செத்தவரு வந்து ஓட்டப் போறாரா இன்னா?"

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆயுத பூஜை அன்று தாண்டவராயன் செத்தார். திண்டிவனத்தில் அக்காளுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. கறுப்பு வண்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினார். வண்டியில் எப்போதும் இருக்கும் சாமான் பை, அரமும் ஸ்பேனரும் போட்டது, பூஜையில் இருந்தது. அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. திரும்பி வரும்போது, திண்டிவனம் தாண்டியதும் ஒரு புளியந்தோப்பில் வண்டி நின்றுபோனது. பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து சேதி சொன்னார். விருத்தாசலம் பூஜையறை வாசலில் வந்து நின்றான்.

"பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாது. காலையில புனர்பூஜை முடிச்சி எடுத்துக்கினு போ" என்றாள் வெள்ளையம்மாள். "வண்டியிலயே படுத்துக்குவாரு. அவுருக்கு இன்னா புதுசா?"

அதில் தப்பு சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தில் எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

காலை முதல் பஸ்ஸில் போனான். தாண்டவராயன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார். கை விறைத்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். விருத்தாசலம் பானெட்டைத் திறந்து பார்த்தான். நெருப்புப் பொறியைப் பிரித்து அனுப்பும் டப்பாவுக்குள், பாயின்ட் என்கிற சின்னத் தகடு கருகியிருந்தது. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் போதும். இழுக்கவில்லை. அவரை அப்படி வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யக் கை வரவில்லை. மாடு பூட்டித்தான் வண்டியை ஊர் வரைக்கும் இழுத்து வந்தார்கள். அந்த டப்பாவை அதற்குப் பிறகு அவன் திறக்கவே இல்லை.

இப்போது அம்மா சொன்னபடி கறுப்பு வண்டியின் கார்பரேட்டரைக் கழற்றித் துரை வண்டியில் பூட்டினான். இருமல் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மாள் கையைத் தூக்கினாள். வேலைக்காரி அம்சா ஓடிவந்து நிறுத்தச் சொன்னாள்.

நிறுத்தினான்.

"கறுப்பு வண்டி கிளம்பிடுச்சி" என்றாள் வெள்ளையம்மாள்.

"அது தார்ப்பாய்க்கு அடியில நிக்குதுங்கம்மா."

"இங்க இல்ல. தூரத்துல. திண்டிவனம் ரோட்டுல, கூட்டேரிப்பட்டுகிட்ட. மயிலம் மலையில இடிச்சித் திரும்புது பாரு சத்தம்."

டிராக்டர் ஓட்டும் துரைக்கண்ணு ஷெட்டுக்கு வந்து சிரித்தான். "அங்கேர்ந்து கேக்குதா? அம்மாவுக்குக் காது இல்லடா, ரேடியோ."

விருத்தாசலமும் சிரித்தான்.

கார்த்திகையில் பச்சை வண்டியின் டைனமோ எரிந்தது. கறுப்பு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டான். அந்த வெள்ளிக்கிழமை வெள்ளையம்மாள், "விக்கிரவாண்டி ஆத்துப் பாலத்துமேல வருது" என்றாள். டிராக்டர் காயில் போனது. அதையும் எடுத்துப் போட்டான்.

"விழுப்புரம் ரயில்வே கேட்ல நிக்குது" என்றாள்.

"யாராவது போயி கேட்டைத் தொறங்கப்பா" என்றான் துரைக்கண்ணு. "பாவம், வண்டி சூடாயிடப் போவுது."

இந்த முறை விருத்தாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சாமான் எடுக்காத வாரங்களில் அவள் எதையும் கேட்பதில்லை. எடுத்த வாரம் ஓர் ஊர் கிட்டே வருகிறது. அவன்தான் கூட்டிவருகிறான்.

அன்றைக்கு வெள்ளையம்மாள் அவனைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. அம்சா பட்டுப்புடவை ஒன்றை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்தாருன்னா நான் அவுருகூடக் கிளம்பிடுவேன் விருத்தாசலம். உங்கிட்ட சொல்லி வெக்கிறேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா."

"பின்ன எப்படிப் பேசறது? கண்ணு தெரியல. இருந்து யாருக்குக் காவல்?"

அவன் பெண்சாதி முனியம்மாளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனபோது, அர்த்த சாமத்தில் துரை வண்டியைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் வெள்ளையம்மாள். தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டில் பட்ட ரத்தத்தைக் கழுவ வந்தவனிடம், "அப்புறம் கழுவலாம், போயி அவளைப் பாரு" என்றாள்.

வீட்டில் முனியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்த வண்டியைத் தொடாத" என்றாள். "அவ்ளோதானே? தொடாட்டி அது அங்கியே நிக்கட்டும். அம்மா நல்லா இருக்கட்டும்."

தொடவில்லை. மல்லாட்டை மிஷின் நின்றபோது கொல்லனிடம் கொடுத்து அடித்து வாங்கினான். பச்சை வண்டி மறுபடி படுத்தபோது படுக்கட்டும் என்று விட்டான். கோடை வந்தது. கிணற்று ஆயில் இன்ஜினின் ரேடியேட்டர் பொத்துக்கொண்டது. கரும்பு காய்ந்தது.

"பயிர் சாவுது, நீ இன்னாடா பண்ணிக்கினு இருக்கிறே?" என்று துரைக்கண்ணு கத்தினான். "அந்த ஓட்டை வண்டியில ரேடியேட்டர் சும்மாதானே கிடக்குது. பேஜாரு பண்ணாத. ஜல்தி எடு."

வெள்ளையம்மாளும் சொல்லியனுப்பினாள். எடுத்தான். தண்ணீர் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவனே கேட்டான். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு, காணைப் பக்கத்திலிருந்து, மெல்ல. சீரான ஓட்டம். நடுநடுவே ஒரு சின்னத் தட்டல். கறுப்பு வண்டியின் வால்வுத் தட்டல் அது. பல தடவை சரிபண்ணப் போயிருக்கிறான். தாண்டவராயன் விட்டதில்லை. "அது இருக்கட்டும்டா. அதைக் கேட்டுத்தான் அவ இலை போடுவா" என்பார்.

சத்தம் காணையைத் தாண்டவில்லை. அங்கேயே தேய்ந்து போனது.

இனிக் கறுப்பு வண்டியில் எடுக்க எதுவும் இல்லை. அந்த டப்பா ஒன்றுதான். அது கருகியே கிடக்கட்டும் என்று தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் கட்டினான்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், சுத்தி, அரம், ஹேண்டில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பலகையில் அடுக்கினான். வெள்ளையம்மாள் தடவித் தடவிக் குங்குமம் வைத்தாள். வண்டிகளுக்கு மாலை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். அன்றைக்கு எதுவும் ஓடாது. மத்தியானம் தூறல் விழுந்தது. வாசலில் உட்கார்ந்து விருத்தாசலமும் துரைக்கண்ணுவும் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

காணைப் பக்கம் ஒரு வண்டி வந்தது.

துரைக்கண்ணு மெல்லுவதை நிறுத்தினான். சத்தம் ரோட்டில் நெருங்கியது. தட்டலும் சேர்ந்து வந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் இன்ஜின் பிடித்துப் பிடித்து விட்டது. இரண்டு தடவை வெடித்தது. நின்றது. திருப்பத்தில் ரோடு நன்றாகத் தெரிந்தது. ஈர ரோடு. அதில் ஒன்றும் இல்லை.

"எனக்கு வூட்ல வேலை இருக்குது" என்று துரைக்கண்ணு சைக்கிளை எடுத்தான். ஏரிக்கரைப் பக்கம் போகாமல் வயல் வரப்பில் உருட்டிக்கொண்டு போனான்.

ஆரன் அடித்தது. ஒரே ஒரு முறை, குட்டையாக.

விருத்தாசலம் உள்ளே போனான். வெள்ளையம்மாள் பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் இருந்தாள்.

"அம்சா, இலை போடு. போட்டுட்டுக் கொல்லைப் பக்கம் போயி இரு. கூப்புட்டா வா."

அம்சா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இலையைப் போட்டுச் சோறு வைத்துவிட்டுப் போனாள்.

"கூப்புடறாரு" என்றாள் வெள்ளையம்மாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலிங்கம்மா."

"பொய் சொல்லத் தெரியல உனக்கு. பழுது இன்னா?"

அவன் சோறு வைத்த இலையைப் பார்த்தான்.

"இன்னான்னு கேக்கிறேன்."

"பாயின்ட் கருகிப்போச்சிங்க. அன்னிக்கி இருந்த அதே பழுதுதான்."

"எது வேணும் அதுக்கு?"

"அரம்."

"எடு."

"பூஜையில இருக்குதுங்க."

"அன்னிக்கும் பூஜையிலதான் இருந்துச்சி. நான் எடுக்காதன்னேன். நீ கேட்டுக்கினே. ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சோம்." அவள் பூஜையறைப் பக்கம் கையை நீட்டினாள். "எடு."

"எடுத்தா நீங்க போயிடுவீங்கம்மா."

"எடுக்கலைன்னா அவுரு ராத்திரி பூரா மறுபடியும் அங்க உக்காந்திருப்பாரு."

விருத்தாசலம் பூஜையறைக்குப் போனான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரத்தை எடுத்தான். குங்குமம் விரலில் ஒட்டியது. ஏரிக்கரைக்குப் போகவில்லை. பழுது அங்கே இல்லை. ஷெட்டுக்குப் போய்க் கட்டை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினான்.

கறுப்பு வண்டி வெறும் கூடாக நின்றது. கார்பரேட்டர் இருந்த இடம் ஓட்டை. ரேடியேட்டர் இருந்த இடத்தில் வெளிச்சம். டப்பாவின் மூடியைக் கழற்றினான். பாயின்ட் அன்று பார்த்தது போலவே கருகியிருந்தது. அரத்தை வைத்தான். இழுக்கவில்லை. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அம்மா இருப்பாள். வெள்ளிக்கிழமை வரும்.

ஆரன் மறுபடியும் அடித்தது. இந்த முறை சன்னமாக, பேட்டரி இறங்கின மாதிரி.

நாலு இழுப்பு இழுத்தான். வாயால் ஊதினான். மூடியைப் போட்டான்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் ரோட்டை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தது. நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்து மூடியது. ஒருவர் சாப்பிட்டு எழுகிற நேரம் ஓடியது. அவ்வளவு நேரமும் அவன் அரத்தைப் பிடித்தபடி, கறுப்பு வண்டியின் வெறும் கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடியும் கதவு. ஒன்றல்ல, இரண்டு கதவு. வண்டி கிளம்பியது. காணைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

கொல்லையிலிருந்து அம்சா அலறினாள்.

வெள்ளையம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மூச்சு இல்லை. எதிரே இலை மடக்கியிருந்தது.

"சத்தமே இல்லியேன்னு எட்டிப் பாத்தேன்" என்றாள் அம்சா. "அம்மா அசையல. சாப்பாட்டை யாரு சாப்ட்டது? நீயா?"

அவன் தலையாட்டி மறுத்தான்.

இருட்டுவதற்குள் ஊர் கூடியது. துரைக்கண்ணுவும் வரப்பிலேயே திரும்பி ஓடி வந்தான். திண்டிவனத்தில் அவள் தம்பிக்குச் சேதி சொல்ல வேண்டும். கடைசி பஸ் போய்விட்டது.

"துரை வண்டியைக் கிளப்புடா" என்றான் துரைக்கண்ணு. "பூஜையெல்லாம் இனிமே இன்னா?"

விருத்தாசலம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். வண்டியில் உயிர் இல்லை. பானெட்டைத் திறந்தான். கார்பரேட்டர் இருந்த இடம் காலியாக இருந்தது. போல்ட் ஓட்டைகள் துடைத்து வைத்தது போல இருந்தன. பச்சை வண்டியைத் திறந்தான். டைனமோ இல்லை. டிராக்டரில் காயில் இல்லை. கிணற்றடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

ஷெட்டின் கோடிக்கு வந்தான். கறுப்பு வண்டியின் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"இன்னாடா ஆச்சி?" என்று துரைக்கண்ணு வாசலிலிருந்து கத்தினான். "ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க. எதுதான் ஓடும்?"

விருத்தாசலம் கையை வேட்டியில் துடைத்தான். அதில் குங்குமம் இன்னும் இருந்தது.

"இது ஓடும்" என்றான்.