மேல் கூண்டிலிருந்து ஒரு கூச்சல்

திமிங்கலம் எண்ணப் போகும் கப்பலில் முதல் பூட்டு வாய்க்குத்தான். கம்பத்தின் மேல் கூண்டில் ஒருவர், கீழ் மேடையில் ஒருவர், தனித்தனியாகக் கடலைப் பார்க்க வேண்டும். கண்டதை மாலுமி அறைக்கு வானொலியில் சொல்லலாம். மற்றவரிடம் மூச்சு விடக் கூடாது. ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் தானாகப் பார்த்தாரா என்று தெரிந்தால்தான் கணக்கு நிற்கும். நல்ல விதிதான், போங்கள்! வகுத்தவன் ஒருநாளாவது அந்தக் கூண்டில் தனியாக நின்றிருப்பானா?

ஹல்டிஸ் பல கோடைகளாக மேலே, ஓஸ்முண்ட் கீழே. அவனுடைய தொப்பியின் உச்சியைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். கணவன் இறந்த பிறகு துரோம்சோ நகரத்து வீட்டில் பேச ஆளில்லை. வருஷத்துக்கு ஒருமுறை இந்தத் தொப்பிதான் துணை. இந்தப் பயணத்தோடு ஓய்வு பெறலாம் என்றிருந்தான் அவன்.

காலையில் ரொட்டியின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே சொன்னான்: "கிரீன்லாந்து திமிங்கலத்த ஒருதடவ பாத்துட்டா போதும், வீட்டோட இருந்துடுவேன்."

"பாக்கலைன்னா?"

"அடுத்த வருஷமும் வந்து உன் உயிர எடுப்பேன்."

பார்க்காமலே போகட்டும் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

மதியம் பனி விளிம்பில், வலப்பக்கம், அது எழுந்தது. மூச்சு இரண்டாகப் பிரிந்து ஏறியது. முதுகில் துடுப்பில்லை. கன்னங்கரேலென்ற தலை, முகவாயில் வெள்ளை. சந்தேகமே இல்லை.

கீழே தொப்பி இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஐயோ, இந்த மனுஷன்! சும்மா இருந்தால் விதியும் பிழைக்கும், அடுத்த கோடைக்குத் துணையும் கிடைக்கும். ஆனால் அவனுடைய ஆயுள் ஆசை நழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"ஓஸ்முண்ட்! வலப்பக்கம்! வலப்பக்கம் பாரு!"

திமிங்கலம் முங்கிவிட்டது. பயணத்தின் தலைவி ரக்னா ஓடிவந்து கத்தினாள். "பைத்தியமா உனக்கு? இன்னைக்குக் கணக்கு மொத்தமும் குப்பை!"

திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு ஹல்டிஸ் கீழே இறங்கினாள். "பாத்தியா?"

"நீ கத்துறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஜோடி இருக்கான்னு அந்தப் பக்கம் தேடிக்கிட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள், கண் கலங்கியது. "எப்படி வாய மூடிக்கிட்டு இருந்த? எனக்குச் சொல்லணும்னு துடிக்கலையா?"

ஓஸ்முண்ட் பொய் சொல்லத் தெரியாதவன். கொஞ்சம் யோசித்தான்.

"இல்ல, ஹல்டிஸ். உன் ஞாபகமே வரல."

கப்பல் மறுபடி நகர்ந்தது. அவள் ஏணியில் ஏறி, கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.