டாங்க் நிறையச் சிவப்பு

ஓரினை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தூங்கக்கூட மாட்டான். இப்படிப்பட்ட மனுஷன் எழுபத்தோரு வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஹாலந்து மோட்டார் சைக்கிள் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் கட்டின பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

"பாரு ஆர்லிஸ், டீசல்ல ஓடுது. ஒரு தடவை ஊத்தினா மைனாட்டுக்கு ரெண்டு தடவை போய்ட்டு வரலாம்."

"மைனாட்டுல ரெண்டு தடவை வாங்கறதுக்கு என்ன இருக்கு?"

"உனக்கு எல்லாம் கிண்டல்தான். ஐரோப்பாவுல எத்தனை விதமா வண்டி விக்கிறான் தெரியுமா? நமக்கு மட்டும் நாலே நாலு மாதிரி காட்டி, அதுல ஒண்ணை எடுத்துக்கோங்கறான். கேட்டா சட்டமாம்."

அந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். சாப்பாட்டு மேசையில் அத்தனை தடவை கேட்டாயிற்று. அமெரிக்காவுக்கென்று செய்யாத வண்டியை, அதற்கு இருபத்தைந்து வயது ஆகும்வரை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது. ஹாலந்து வண்டிக்கு அந்த வயது வரும்போது ஓரினுக்கு எண்பது தாண்டியிருக்கும். வயதாவது பரவாயில்லை, கண் காத்திருக்காது. வலது கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இடதிலும் தொடங்கிவிட்டது என்று டாக்டர் போன வருஷக் கடைசியிலேயே சொல்லிவிட்டார். அறுவடை முடிந்து லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் கிடைக்காது. ஆக, அவனுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு கோடைதான்.

அதனால் தானே ஒன்று கட்டினான். குளிர்பெட்டி லாரியிலிருந்து கழற்றிய குட்டி டீசல் எஞ்சின், யாரோ தூக்கிப் போட்ட பைக்கின் உடம்பு, அண்ணன் டிராக்டரின் விளக்கு. ஒரு குளிர்காலம் முழுக்க அது என் கராஜில் இருந்தது, என் கார் பனியில் நின்றது. கிளப்பினால் கோதுமை வயல் எலியெல்லாம் பக்கத்து மாவட்டத்துக்கு ஓடும். மூன்றாவது கியர் மட்டும் முரண்டு பிடிக்கும். மற்றபடி ஓடியது, அதை நான் மறுக்கவில்லை.

ஜூலையில் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். இணையத்தில் பழக்கமான யெல்லே என்ற ஹாலந்துக்காரர் தன் டீசல் பைக்கைக் கப்பலில் ஏற்றி வந்து அமெரிக்காவைச் சுற்றுகிறாராம். சுற்றுலா வருகிறவர் தன் வண்டியைக் கொண்டுவரலாம், திரும்ப எடுத்துப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை எங்கள் பக்கத்துப் பெரிய ஊரான மைனாட் வருகிறார். உன் வண்டியில் நீ வா, மாற்றி ஓட்டிப் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்.

ஓரினின் வண்டிக்கு நம்பர் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை சோதனைக்கு நாள் வாங்கினான். தேறினால் மறுநாள் மைனாட்.

வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணை லவர்ன் வந்து நின்றான். "ஒரு ரவுண்டு குடுடா. வயல் பாதையில மட்டும் போய்ட்டு வந்துடறேன்." லவர்னுக்கு ஓரின் எதையும் இல்லையென்றதில்லை. ஓரினுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன வருஷம் எங்கள் அறுவடை முழுவதையும் முடித்துக் கொடுத்தவன் அவன். ஒரு மணி நேரம் கழித்து வண்டியைத் துடைத்து, கராஜில் நிறுத்தி, தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓரின் டாங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "ரொம்பி வழியுது. எல்லாம் சரியா இருக்கு," என்றான். வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனோம்.

சோதனைக்கு வந்தவள் பிரிட்டா. நான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து மூக்கு ஒழுகிய பெண், இப்போது இடுப்பில் துப்பாக்கியோடு நெடுஞ்சாலைப் போலீஸ். விளக்கு, ஹார்ன், பிரேக் எல்லாம் பார்த்தாள். கடைசியில் டாங்கைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தாள். செர்ரி சர்பத் மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. வயலில் ஓடுகிற டிராக்டருக்கு வரியில்லாத டீசல், அதில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். அதை ரோட்டு வண்டியில் ஊற்றினால் குற்றம். ஓரின் தன் பைக்குக்கென்று டவுனிலிருந்து சாயமில்லாத டீசலை மஞ்சள் கேனில் வாங்கி வைத்திருந்தான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்தவன் வண்டியை வாங்கினால் டாங்கை நிறைத்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். லவர்ன் நிறைத்திருக்கிறான், தன் பண்ணைத் தொட்டியிலிருந்து.

பிரிட்டாவுக்கே பாவமாக இருந்தது. "மிஸ்டர் ட்வெட், வேற யாராவது தெரியாம ஊத்தியிருக்கலாமில்ல? சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன்."

"என் வண்டி, என் டாங்க்," என்றான் ஓரின்.

"அப்படின்னா டாங்கை நல்லாக் கழுவிட்டு செவ்வாய்க்கிழமை கொண்டு வாங்க. அதுக்கு முன்னாடி என்னால கையெழுத்துப் போட முடியாது."

திரும்பும் வழியில் நான் விடவில்லை. "வாயைத் திறந்து லவர்ன் பேரைச் சொன்னா என்ன? ஒரு கோடைதான் இருக்கு உனக்கு."

"நிறைச்சுத்தான ஆர்லிஸ் குடுத்தான். குறைச்சா குடுத்தான்?"

"சரி, நாளைக்குப் பிக்கப்பிலேயே ஏத்திட்டுப் போவோம்."

"கண்காட்சிக்குப் பன்னியைக் கொண்டுபோற மாதிரியா? நான் வரல." வீட்டுக்கு வந்ததும் டாங்கைக் கழற்றிக் கழுவ உட்கார்ந்தான். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

நான் இரண்டு வேலை செய்தேன். லவர்னுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.  அப்புறம் ஓரினின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஹாலந்துக்காரருக்கு எழுதினேன்: என் கணவனால் வர முடியவில்லை, நீங்கள் இங்கே வாருங்கள், சாப்பாடு நான் போடுகிறேன்.

சனிக்கிழமை மதியம் வந்துவிட்டார். நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய், தட்டைத் துடைத்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். பிறகு ஓரினின் வண்டியை எடுத்துக்கொண்டு வயல் பாதையில் போனவர் சீக்கிரம் திரும்புகிற வழியாக இல்லை.

"எங்க ஊர்ல நீங்களா இப்படி ஒண்ணு கட்டினா வீட்டு வாசலைத் தாண்ட விட மாட்டாங்க," என்றார் இறங்கியதும். "இது அங்க கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும்."

ஓரின் என்னைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

அடுத்து ஹாலந்து வண்டி. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கியரே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஓரின் பாட்டுப் பாடினான், அதுவும் தேவாலயப் பாட்டு. முனைக்கு வந்ததும் நிறுத்தி, "வலது பக்கம் ஏதாவது வருதா?" என்று கேட்டான். "வரல, போ," என்றேன்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும், "டாங்கை நிறைச்சுத்தான் குடுப்பேன்," என்று பிடிவாதம். யெல்லே வேண்டாமென்று தலையாட்டுகிறார். அப்போதுதான் ஓரினுக்கு நினைவு வந்தது: பண்ணைத் தொட்டியில் இருப்பது சிவப்பு, டவுன் டீசல் கேனோ, கழுவின டாங்கில் ஊற்றியதில் காலி. 

லவர்னின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் நாலு மஞ்சள் கேன். மன்னிப்பு கேட்கிற ஆள் இல்லை அவன், எங்கள் ஊரில் யாருமே இல்லை. ஒரு ஜாம் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஓரின் கையில் கொடுத்தான். "டவுன்லேர்ந்து வாங்கிட்டு வந்தேன். நீயே பாத்துக்கோடா."

ஓரின் பாட்டிலை வெயிலில் பிடித்தான். தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"ஆர்லிஸ், இது என்ன நிறம்?"

நேற்றுக் காலையில் டார்ச் அடித்துப் பார்த்து எல்லாம் சரியா இருக்கு என்றானே. அந்தச் சிவப்பு அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. லவர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயலைப் பார்த்தான்.

"நிறமே இல்ல. தண்ணி மாதிரி தெளிவா இருக்கு," என்றேன்.

"சரி. ஊத்து, லவர்ன்."

இரண்டு வண்டிக்கும் லவர்ன் நிறைத்தான். நான் ஓரினிடம் போய்க் கையை நீட்டினேன்.

"சாவியைக் குடு."

"எதுக்கு?"

"செவ்வாய்க்கிழமை நம்பர் வந்ததும் நான்தான் ஓட்டப்போறேன்."

"உங்கிட்ட பைக் லைசென்ஸ் இல்லயே."

"எடுத்துக்கறேன். இத்தனை வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டறேன், அதுவும் டீசல்தான். நாப்பது குட்டிச்சாத்தானை ஏத்திக்கிட்டுப் போறவளுக்கு ஒரு கிழவனைப் பின்னால உக்கார வச்சுக்கத் தெரியாதா?"

யெல்லே சிரித்தார். ஓரின் சிரிக்கவில்லை. பாக்கெட்டில் கை விட்டவன் வெகு நேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவனே மடக்கினான்.

"மூணாவது கியருக்குக் காலால இடிக்காதே," என்றான். "எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், அப்ப மாத்தணும். நான் பின்னாலேர்ந்து கேட்டுச் சொல்றேன்."