குவைத்துக்காரர் பொண்டாட்டி பேசினாள்

போர் வேண்டாம் என்று திண்டுக்கல் மணிக்கூண்டில் ஆர்ப்பாட்டம் நடத்த, சமாதானக் குழுவினர் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குப் போலீஸில் அனுமதி வாங்கியிருந்தார்கள். அன்று காலையிலேயே அமெரிக்கா ஈராக்கில் குண்டு போட ஆரம்பித்துவிட்டது. 2003 மார்ச் மாதம் அது. மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது என்பதால் ஆர்ப்பாட்டத்தைக் கைவிடவில்லை. 'போர் வேண்டாம்' என்ற பேனரில் இரண்டாவது வார்த்தையின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'நிறுத்து' என்று எழுதினார்கள். 'போர் நிறுத்து' என்று தமிழ் இடித்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

சமாதானக் குழுத் தலைவர் ஆண்டனிராஜ், ஓய்வுபெற்ற பேராசிரியர். இரண்டு நாள் முன்பே அன்னாளின் வீட்டுக்கு வந்திருந்தார். அன்னாள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவள் கணவர் ராயப்பராஜ் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க நாலு வார்த்தை பேசணும் டீச்சர். நடுவுல அழுகை வந்தா அடக்க வேணாம்."

"அவரை ஊருக்குக் கூட்டியார யாரைப் பாக்கணும் சார்?"

"அதெல்லாம் பெறகு பாப்போம். மொதல்ல உலக சமாதானம்."

ஆர்ப்பாட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். பத்திரிகை போட்டோக்காரர் வந்ததும், நடுவில் நிற்பது யார் என்று பேராசிரியருக்கும் குழுச் செயலாளர் வக்கீல் சோலைமலைக்கும் தகராறு வந்துவிட்டது. சட்டையைப் பிடிக்காத குறை. "ரெண்டு பேரும் நடுவுல நிக்க முடியாது சார்" என்று போட்டோக்காரர் சலித்துக்கொண்டார். பின்னால் நின்ற டவுன் பஸ்கள் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தன.

அன்னாள் மைக்கைப் பிடித்தாள்.

"என் வீட்டுக்காரர் ஓட்டுறது தண்ணி லாரி. அமெரிக்காக்காரன் பட்டாளத்துக்குத்தான் தண்ணி கொண்டுபோறாரு. அந்தச் சம்பளத்துலதான் எங்க வீட்டுல உலை கொதிக்குது. சண்டை வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணேன். அவர் வேலை போயிரக்கூடாதுன்னும் அதே ஜெபத்துல சேத்துக்கிட்டேன். இப்ப நான் யாரை நிறுத்தச் சொல்லிக் கத்துறது?"

கைதட்ட ஆரம்பித்த இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். சோலைமலை மைக்கை வாங்கிக்கொண்டார். "சகோதரி உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கோஷத்தைத் தொடங்கினார். மறுநாள் பத்திரிகையில், குவைத் டிரைவரின் மனைவி கண்ணீர் மல்கப் பேசியதாகப் போட்டிருந்தது. அவள் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அதைப் படித்தபோதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது, எரிச்சலில்.

பன்னிரண்டு நாள் கழித்து ராயப்பராஜ் வந்து சேர்ந்தார். எல்லை தாண்டி ஈராக்குக்குள் லாரி ஓட்டச் சொன்னார்களாம். ஆறு டிரைவர்கள் மாட்டேன் என்றிருக்கிறார்கள். ஆறு பேரையும் கம்பெனி விமானம் ஏற்றி அனுப்பிவிட்டது.

விஷயம் குழுவின் காதுக்கு எட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பேராசிரியரும் வக்கீலும் சால்வையோடு வந்து நின்றார்கள். பாராட்டுக் கூட்டமாம். "போருக்குத் துணைபோக மறுத்த தமிழன்" என்று தலைப்பும் வைத்துவிட்டார்கள்.

"நான் மறுத்தது பயத்துல சார்" என்றார் ராயப்பராஜ். "முந்துன நாள் ஒரு லாரி எரிஞ்சு கெடந்ததைப் பாத்தேன்."

"அதை மேடையில சொல்ல வேணாம்" என்றார் சோலைமலை.

"அப்புறம், மத்தியானத்துக்குள்ள எங்க ஆறு லாரிக்கும் வேற ஆளைப் போட்டுட்டான். தண்ணி நேரத்துக்குப் போயிருச்சு."

பேராசிரியரின் முகம் சுண்டிவிட்டது. முதன்முறையாக அவர் குரல் மேடைக்குரலாக இல்லை. "அப்ப ஒண்ணுமே செய்ய வேணாங்கிறீங்களா?"

அன்னாள் காப்பி டம்ளரை அவர்முன் வைத்தாள். "அங்க லாரி ஓட்ட இந்த ஜில்லாவுலருந்துதான் ஏஜெண்டு ஆள் புடிக்கிறான் சார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆபீஸு. காலையில கியூ நிக்கிது. அங்க போயி நில்லுங்க. போகாதீங்கய்யான்னு சொல்லுங்க. போகாதவனுக்கு இங்க ஒரு வேலை பாத்துக் குடுங்க. நானும் வாரேன்."

"அந்த ஏஜெண்டு நமக்கு வேண்டியவரு" என்று சோலைமலை மெதுவாகச் சொன்னார். "மைக் செட்டே அவர் உபயம்தான்."

அன்னாள் சிரித்துவிட்டாள். அடக்கவில்லை.

பேராசிரியர் காப்பியைத் தொடாமல் எழுந்தார். வக்கீல் சால்வையை மறக்காமல் மடித்து எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் பேராசிரியரின் சிபாரிசில் ராயப்பராஜுக்கு வேடசந்தூர் மில் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது.