விட்டுப்போன ஒற்று

நான் ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர். சொந்த வீடு, தனி ஆள். செய்தித்தாளில் எழுத்துப்பிழை கண்டால்தான் வாய் திறப்பேன், அதுவும் திட்டத்தான்.

எங்கள் குடியிருப்பின் செயலாளர் படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: ‘வாடகைக்காரர்கள் மொட்டை மாடிக்கு வர கூடாது.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவப்புப் பேனாவை உருவினேன்.

துணிக்கூடையோடு நின்ற கீழ்வீட்டு வாடகைக்காரப் பெண் கேட்டாள்: “எங்களுக்காகவா சார் கோவப்படுறீங்க?”

“இல்லம்மா. ‘வரக் கூடாது’ன்னுல்ல இருக்கணும்! நடுவுல ஒற்று எங்க?”

“அட போங்க சார், ஒற்றுமையே இல்லாத எடத்துல ஒற்று மட்டும் எதுக்கு? பேனாவக் குடுங்க.”

‘கூடாது’வை அடித்துவிட்டு, ‘வர’வை ஒட்டி ‘லாம்’ என்று எழுதினாள்.

“இப்ப ஒற்றே வேணாம்ல?”

இலக்கணம் அவள் பக்கம். கீழே ‘பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு அவளோடு மாடி ஏறினேன்.