பேட்டரியோடு ஏரியில் இறங்கியவள்

எண்பத்துமூன்றாம் வருஷம் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முனியம்மாளின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரியை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நின்று நின்று அடித்த அவள் இதயத்தை அது தட்டி ஓட்டும். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் சொல்லவில்லை.

அந்த ஊர்ப் பெண்கள் பழவேற்காடு ஏரியில் கழுத்தளவுக்கு அமிழ்ந்து உட்கார்ந்து, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். வரிசையில் ஒருத்தி கை அடுத்தவள் கையில் இடிக்கும். முனியம்மாள் நாற்பது வருஷம் அப்படி இடிபட்டவள்.

“பேட்டரி தண்ணில எறங்குனா கரண்டு பாயும். அத்தினி பேரும் காலி,” என்றார் ஊர்த்தலைவர் பெருமாள். ஒருகாலத்தில் மின்கம்பம் நடக் குழி வெட்டப் போனவர். மின்சாரம் பற்றி அவர் பேச்சுக்கு ஊரில் அப்பீல் கிடையாது.

“என்னியே ஒண்ணும் பண்ணல தலைவரே, ஒங்கள இன்னா பண்ணப் போவுது?”

“ஒனுக்குப் பழகிப்போச்சு. எங்களுக்குப் பழகணுமில்ல?”

கரையில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் இடத்தை இருபக்கமும் உட்காரும் அம்மணியும் சரோஜாவும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து நிரப்பியிருந்தார்கள். செத்தவளுக்குக்கூட நாலு நாள் இடம் விட்டு வைப்பார்கள். பிழைத்து வந்தது குற்றமோ என்று தோன்றியது. ஒரு மாதம் பொறுத்தவள், “சோதிச்சிப் பாத்துட்டுச் சொல்லுங்க,” என்று தலைவர் வீட்டு வாசலில் நின்றாள்.

சோதனைக்காக மூன்று நாள் யாரும் ஏரியில் இறங்கக் கூடாது என்று பெருமாள் உத்தரவு போட்டார். நாலாம் நாள் காலை ஊரே கரையில் நின்றது. பெருமாள் மட்டும் முன்னெச்சரிக்கையாக ரப்பர் செருப்பு போட்டிருந்தார். முனியம்மாள் தனியாக இறங்கினாள். மூன்று நாளாக யாரும் கலக்காத சேறு. கை வைத்த இடமெல்லாம் இறால். உச்சிப்பொழுதுக்குள் பறி இரண்டு தரம் நிரம்பியது.

 கரையில் பெருமாள் தொண்டையைச் செருமினார்.

“பாத்தீங்களா? கரண்டு றாலை இழுக்குது. நான் அப்பவே சொல்லல?”

“நீங்க யாரும் எறங்கல, அதான் கெடச்சிது,” என்றாள் முனியம்மாள். யார் காதிலும் விழவில்லை.

“இன்னும் பெருசா ஒண்ணு கேட்டு வாங்கினு வந்திருக்கலாம்,” என்று கூட்டத்தில் நின்ற மாரி அங்கலாய்த்தான்.

மறுநாள் அவளைச் சுற்றி இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. அம்மணி எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சேற்றுக்குள் அவள் கை முனியம்மாளின் கையில் இடித்தது. பழைய இடி. முனியம்மாளுக்குக் கண் கலங்கியது. ஏரித் தண்ணீர் முகத்தில் வழிந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அம்மணி வாயிலிருந்த பறியை எடுத்துவிட்டு, காதோரம் குனிந்தாள்.

“யக்கா, எடப்பக்கத்தைக் கொஞ்சம் இப்டித் திருப்பேன். றாலெல்லாம் சரோஜாவாண்ட போவுது.”

வரிசையில் இடம் வேண்டுமே. முனியம்மாள் திரும்பி உட்கார்ந்தாள்.